வோல்ட்டும் ஆம்ப்ஸும் கைல இருந்தா ஓம்ஸ், வாட்ஸ் கண்டுபிடிக்கிறது எப்படி

கணக்குன்னு பாத்தா மொத்தமே ரெண்டு வரிதான். வோல்ட்டை ஆம்ப்ஸால (அதாவது கரண்டால) வகுத்தா ஓம்ஸ், அதாவது தடை; வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்குனா வாட்ஸ், அதாவது பவர். ஆறாங்கிளாஸ் பையன் கூட போட்டுடுவான். ஆனா இந்த ரெண்டு வரிய வச்சுக்கிட்டு தப்பு விடை எடுக்குறவங்க ஏராளம், காரணம் என்னன்னா உள்ள போடுற நம்பரே தப்பா இருக்கும். சப்ளை வோல்ட்டேஜை எடுத்து ரெசிஸ்டர்ல போற கரண்டால வகுப்பாங்க, நடுவுல ஒரு எல்இடி உக்காந்திருக்கும், அதை கண்டுக்கவே மாட்டாங்க. இல்லன்னா லோடு, அதாவது கரண்ட் இழுக்குற பொருள், ஏதும் இல்லாம பேட்டரி வோல்ட்டேஜை அளந்து வச்சுக்கிட்டு, அப்புறம் லோடு போட்டு கரண்ட் அளந்து ரெண்டையும் பெருக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எந்த பொருளோட ஓம்ஸ் வேணுமோ அந்த பொருளோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்குற வோல்ட்டேஜ், அதே பொருளுக்குள்ள போற கரண்ட், ரெண்டும் ஒரே நேரத்துல, அது வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது எடுத்ததா இருக்கணும். ஒரே பொருள், ஒரே நேரம். கீழ வர்றது பூராவும் இதைச் சுத்திதான்.

சரி, ஒரு சுலபமான உதாரணம். கார் இண்டிகேட்டர்ல போடுற 12 வோல்ட் பல்ப் ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அது காலுல மீட்டர் வச்சா 12.0 வோல்ட், அதுக்குள்ள போற கரண்ட் 1.75 ஆம்ப்ஸ். 12.0 ÷ 1.75 = 6.86, அதாவது கிட்டத்தட்ட 6.9 ஓம்ஸ். 12.0 × 1.75 = 21 வாட்ஸ். பல்ப் மேலயும் 21 வாட்னுதான் அடிச்சிருக்கும், ஒத்துப்போகுது. கால்குலேட்டர் 6.857142857 னு காட்டும், அதை அப்படியே எழுதாதீங்க, மீட்டர் மூணு இலக்கத்துக்கு மேல சொல்லல, நாம மட்டும் பத்து இலக்கம் எழுதுனா அது வெறும் பந்தா.

இதையே திருப்பிப் போட்டா மத்ததும் வரும். ஆம்ப்ஸ் × ஓம்ஸ் = வோல்ட். வோல்ட் ÷ ஓம்ஸ் = ஆம்ப்ஸ். வாட்ஸ் ÷ வோல்ட் = ஆம்ப்ஸ். முக்கோணம் வரைஞ்சு வி (வோல்ட்) மேல, ஐ (ஆம்ப்ஸ்), ஆர் (ஓம்ஸ்) ரெண்டும் கீழன்னு ஒரு படம் சொல்லித்தருவாங்க, அது பிடிச்சா வச்சுக்கோங்க, எனக்கு என்னமோ அது தேவையே இல்லாத சுமையா தெரியும், முதல் ரெண்டு வரி ஞாபகம் இருந்தா மிச்சத்தை அந்த இடத்துலயே எடுத்துக்கலாம்.

யூனிட்ல சறுக்காம இருக்க

எலக்ட்ரானிக்ஸ் பண்றவங்களுக்கு ஆம்ப்ஸ் கணக்குல கரண்ட் வர்றது ரொம்ப கம்மி, பெரும்பாலும் மில்லி ஆம்ப்ஸ்தான். 15 மில்லி ஆம்ப்ஸ்னா 0.015 ஆம்ப்ஸ், இதை 0.15னு போட்டா விடை பத்து மடங்கு அடி வாங்கும். இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு: வோல்ட்டை மில்லி ஆம்ப்ஸால நேரா வகுத்துடுங்க, வர்ற விடை கிலோ ஓம்ஸ். வோல்ட்டையும் மில்லி ஆம்ப்ஸையும் பெருக்குனா மில்லி வாட்ஸ். 9 வோல்ட், 3 மில்லி ஆம்ப்ஸ் இருந்தா 3 கிலோ ஓம்ஸ், 27 மில்லி வாட்ஸ். பூஜ்யத்தை எண்ணிக்கிட்டு உக்கார வேண்டாம், மனசுலயே போட்டுடலாம். ரொம்ப நாள் பழகுனவங்க எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க.

நம்பர் எடுக்குறது எப்படி

வோல்ட்டேஜ் அளக்க ஒண்ணையும் கழட்ட வேண்டாம், பொருளோட ரெண்டு முனையிலயும் ப்ரோபை வச்சா போதும், அதாவது மீட்டர் பாரலல்ல இருக்கும். கரண்ட் அளக்கணும்னா ஒயர ஒரு இடத்துல பிரிச்சு அந்த இடைவெளில மீட்டரை மாட்டணும், சீரிஸ்ல, கரண்ட் பூரா மீட்டர் வழியா போற மாதிரி. பெரும்பாலான மல்டிமீட்டர்ல கரண்டுக்கு சிவப்பு ப்ரோபையே வேற ஓட்டைக்கு மாத்தணும், சின்ன கரண்டுக்கு ஒண்ணு, 10 ஆம்ப்ஸ்க்கு ஒண்ணு. அளவு தெரியலன்னா முதல்ல 10 ஆம்ப்ஸ் ஓட்டைல போட்டு பாருங்க, ரீடிங் சின்னதா இருந்தா அப்புறம் மாத்திக்கலாம்.

இங்கதான் நிறைய பேரோட மீட்டர் ஃபியூஸ் சாகும். கரண்ட் அளந்து முடிச்சுட்டு ப்ரோபை அதே ஓட்டைல விட்டுட்டு, அடுத்த நாள் வந்து பேட்டரி வோல்ட்டேஜ் பாக்கலாம்னு வைப்பாங்க. கரண்ட் ஓட்டைல இருக்கும்போது மீட்டர் கிட்டத்தட்ட வெறும் ஒயர் மாதிரிதான், அதை பேட்டரில நேரா வச்சா ஷார்ட். சின்ன பேட்டரின்னா ஃபியூஸோட போச்சு, கரண்ட் லைன்லயோ பெரிய லெட் ஆசிட் பேட்டரிலயோ வச்சா கையில வெடிக்கிற அளவுக்கு போகலாம். அளந்து முடிச்ச கையோட ப்ரோபை வோல்ட் ஓட்டைக்கு மாத்திடுறத பழக்கமா வச்சுக்கோங்க.

மீட்டரை சீரிஸ்ல போடும்போது அதுலயும் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழும். மில்லி ஆம்ப்ஸ் ரேஞ்சுல கரண்ட் அளக்க மீட்டர் உள்ள இருக்குற சின்ன ரெசிஸ்டர் (ஷண்ட்) சில ஓம்ஸ் கூட இருக்கலாம், அப்போ 3 வோல்ட்ல ஓடுற சின்ன சர்க்யூட்டுக்கு போய் சேர்றது 3 வோல்ட்டே இல்ல. அதனாலதான் சப்ளைல அளக்காம பொருளோட காலுலயே வோல்ட்டேஜ் அளக்கணும்ங்கிறது. இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடிக்கும்: சர்க்யூட்ல 1 ஓம் ரெசிஸ்டர் ஒண்ண சீரிஸ்ல நிரந்தரமா போட்டுட்டு, அது மேல வோல்ட்டேஜை மட்டும் அளங்க. 1 ஓம்ங்கிறதால 47 மில்லி வோல்ட் வந்தா 47 மில்லி ஆம்ப்ஸ், கணக்கே கிடையாது, ஒயர பிரிக்கிற வேலையும் இல்ல, ஃபியூஸும் தப்பிச்சுது.

வீட்டு கரண்ட் லைன்ல இந்த ஒயர பிரிச்சு மீட்டர் மாட்டுற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். க்ளாம்ப் மீட்டர் இருந்தா ஒயர சுத்தி மாட்டுனா போதும், ஆனா ஒரு ஒயரை மட்டும்தான் உள்ள விடணும், ஃபேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேத்து மாட்டுனா ஒரு பக்கம் போறதும் இன்னொரு பக்கம் வர்றதும் அடிச்சுக்கிட்டு பூஜ்யம் காட்டும், மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. அதைவிட சுலபம் ப்ளக் பாயின்ட்டுக்கும் பொருளுக்கும் நடுவுல மாட்டுற வாட் மீட்டர்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் போடுற கணக்கு

எல்லாரும் முதல்ல போடுற கணக்கு இதுதான், தப்பும் இங்கதான் அதிகம். 5 வோல்ட் சப்ளை, ஒரு வெள்ளை எல்இடி, 15 மில்லி ஆம்ப்ஸ் போகணும். அவசரப்பட்டு 5 ÷ 15 போட்டா 0.333 கிலோ ஓம்ஸ், அதாவது 333, சரின்னு 330 ஓம்ஸ் மாட்டுவாங்க. எல்இடி எரியும், ஆனா மங்கலா எரியும். ஏன்னா வெள்ளை எல்இடி தன் பங்குக்கு ஒரு 3.1 வோல்ட் எடுத்துக்கும், ரெசிஸ்டர் மேல மிச்சம் விழுறது 1.9 வோல்ட்தான். ரெசிஸ்டரோட ஓம்ஸ் வேணும்னா ரெசிஸ்டரோட வோல்ட்டேஜைத்தானே போடணும்? 1.9 ÷ 15 = 0.127 கிலோ ஓம்ஸ், 127 ஓம்ஸ். 330 போட்டா போறது ஆறு மில்லி ஆம்ப்ஸ் பக்கம்தான், பாதி கூட இல்ல.

127 ஓம்ஸ்னு ரெசிஸ்டர் பெட்டில தேடுனா கிடைக்காது. சாதாரணமா கிடைக்கிறது 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 இதோட பத்து மடங்கு, நூறு மடங்கு அப்படித்தான். 120 போட்டா 15.8 மில்லி ஆம்ப்ஸ், 150 போட்டா 12.7. ரெண்டும் ஓகே, சந்தேகம்னா பெருசா இருக்குறத எடுங்க.

12 வோல்ட்ல சிவப்பு எல்இடின்னா இந்த தப்பு வெளியவே தெரியாது, அதுதான் பிரச்சனை. சிவப்பு 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 10, 10 ÷ 15 = 667, போட வேண்டியது 680. தப்பா போட்டாலும் 12 ÷ 15 = 800, 820 மாட்டுவாங்க, 12 மில்லி ஆம்ப்ஸ் போகும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அப்போ தப்பு முறையே சரின்னு மனசுல பதிஞ்சுடும், அடுத்து 5 வோல்ட்ல போய் மாட்டிக்குவாங்க.

இந்த 680 ஓம்ஸ் எவ்ளோ சூடாகும்னு பாப்போம். அது மேல 10 வோல்ட், அதுல போறது 14.7 மில்லி ஆம்ப்ஸ், பெருக்குனா 147 மில்லி வாட்ஸ். கால் வாட் ரெசிஸ்டர்னா 250 மில்லி வாட்ஸ் வரைக்கும் தாங்கும், அதனால உயிரோட இருக்கும், ஆனா தொட்டா நல்லாவே சூடு தெரியும். பொதுவா ரெசிஸ்டர் மேல போட்டிருக்குற வாட்ல பாதிய தாண்டாம பாத்துக்குறது நல்லது, அப்படி பாத்தா இங்க அரை வாட் போடலாம், அதுவும் காத்து போகாத மூடுன டப்பாவுக்குள்ள வைக்கிறதா இருந்தா கண்டிப்பா.

இந்த இடத்துல எல்இடியோட ஓம்ஸ் எவ்ளோன்னு ஒரு கேள்வி வரும். 2 வோல்ட் ÷ 20 மில்லி ஆம்ப்ஸ் = 100 ஓம்ஸ். சரி, அதே எல்இடில 10 மில்லி ஆம்ப்ஸ் மட்டும் விட்டா? வோல்ட்டேஜ் பாதியா குறையாது, 1.9 பக்கத்துலயே நிக்கும், 1.9 ÷ 10 = 190 ஓம்ஸ். ஒரே எல்இடி, ரெண்டு ஓம்ஸ். அதாவது அந்த 100ங்கிறது அந்த ஒரு கரண்டுக்கு மட்டும் கிடைச்ச விகிதம், வேற எந்த கணக்குக்கும் உதவாது. ஆனா 2 × 20 = 40 மில்லி வாட்ஸ்ங்கிறது பக்கா உண்மை. இத நல்லா கவனிங்க, டிசில (பேட்டரி மாதிரி ஒரே திசைல ஓடுற கரண்ட்) வோல்ட் × ஆம்ப்ஸ் = வாட்ஸ் எந்த பொருளுக்கும் பொருந்தும், மோட்டாரோ எல்இடியோ ஐசியோ எதுவா வேணா இருக்கட்டும். 7805 ரெகுலேட்டர் ஒண்ணு 12 வோல்ட் வாங்கி 5 வோல்ட் குடுக்குது, அரை ஆம்ப் போகுதுன்னா, அது மேல விழுறது 7 வோல்ட், 7 × 0.5 = 3.5 வாட்ஸ் சூடு. ஓம்ஸ்ங்கிற பேச்சே இங்க வரல. ஹீட் சிங்க் இல்லாம 3.5 வாட்ஸ்னா அந்த ஐசி சூடு தாங்காம தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும்.

வாட்ஸுக்கு மூணு ஃபார்முலா எதுக்கு

வோல்ட் × ஆம்ப்ஸ் ஒண்ணுதான் மூலம். அதுல வோல்ட்டுக்கு பதில் ஆம்ப்ஸ் × ஓம்ஸ்னு போட்டா, ஆம்ப்ஸ் × ஆம்ப்ஸ் × ஓம்ஸ். ஆம்ப்ஸுக்கு பதில் வோல்ட் ÷ ஓம்ஸ்னு போட்டா, வோல்ட் × வோல்ட் ÷ ஓம்ஸ். ரெசிஸ்டர், ஹீட்டர் காயில், ஒயர் மாதிரி, வோல்ட் ஏறுற அதே அளவுக்கு கரண்டும் ஏறுற பொருளுக்குத்தான் கடைசி ரெண்டும்.

எதை எப்போ எடுக்குறதுன்னா, எது மாறாம நிக்குதோ அதை வச்சு எடுக்கணும். ப்ளக் பாயின்ட்ல வோல்ட்டேஜ் நிலையா இருக்கும், அதனால ஹீட்டருக்கு வோல்ட் × வோல்ட் ÷ ஓம்ஸ் வசதி. 230 வோல்ட், 2000 வாட்ஸ்னு போட்ட ஹீட்டர எடுத்துக்குவோம். கரண்ட் 2000 ÷ 230 = 8.7 ஆம்ப்ஸ், ஓம்ஸ் 230 ÷ 8.7 = 26.4. இப்போ வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கி 207 ஆச்சுன்னு வைங்க, 207 × 207 ÷ 26.4, 1620 வாட்ஸ் பக்கம் வரும். பத்து சதவீதம் இறங்குனதுக்கு சூடு பத்தொன்பது சதவீதம் இறங்கிடுச்சு, வோல்ட்டேஜ் ரெண்டு தடவை பெருக்குறோம்ல. லோ வோல்ட்டேஜ் நேரத்துல தண்ணி சூடாகவே மாட்டேங்குதுன்னு தோணுறது மனப்பிரமை கிடையாது.

அதே வேலை மறுபக்கமும் நடக்கும். 120 வோல்ட் ஓடுற நாட்டுக்கு செஞ்ச 1500 வாட்ஸ் ஹீட்டரோட ஓம்ஸ் 120 × 120 ÷ 1500 = 9.6. அதை 230 வோல்ட்ல சொருகுனா 230 × 230 ÷ 9.6, 5510 வாட்ஸ். கரண்ட் 24 ஆம்ப்ஸ். அந்த காயில் ரொம்ப நேரம் தாங்காது, ப்ளக்கும் தாங்காது. ஊர் மாறி போறவங்க ஹேர் ட்ரையர் எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்க போட்டு பாருங்க, போன் சார்ஜர் அடாப்டர் மாதிரி 100லருந்து 240 வரைக்கும்னு எழுதியிருந்தா மட்டும் கவலை இல்ல.

ஒயருக்கு வந்தா ஆம்ப்ஸ் × ஆம்ப்ஸ் × ஓம்ஸ்தான் எடுக்கணும், இங்க 230 வோல்ட்ட கொண்டுவந்து போட்டா எல்லாம் நாசம். ஒயரோட ரெண்டு முனைக்கு நடுவுல 230 வோல்ட் இல்லவே இல்ல, ஏதோ சில வோல்ட்தான் விழுது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 26 ஓம்ஸ். 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன்னா போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர், 0.52 ஓம்ஸ். அதுல அந்த 2000 வாட்ஸ் ஹீட்டர மாட்டுனா 8.7 × 0.52, 4.5 வோல்ட் ஒயர்லயே விழும், 8.7 × 8.7 × 0.52, 39 வாட்ஸ் ஒயர்லயே சூடா போகும். விரிச்சு போட்டிருந்தா 10 மீட்டர் நீளத்துக்கும் பரவி ஆறிடும். ஆனா சுருட்டுன சுருள பிரிக்காம அப்படியே சொருகுனா 39 வாட்ஸும் ஒரு கை அகல இடத்துல சேந்து உக்காந்துக்கும், நடுவுல இருக்குற சுத்துக்கு காத்தே கிடையாது, இன்சுலேஷன் இளகுறது அப்படித்தான். கரண்ட பாதியாக்குனா இந்த 39, 10 வாட்ஸா இறங்கிடும், கால்வாசி. ஊருக்கு கரண்ட் கொண்டுவர்ற டவர் லைன் 400 கிலோ வோல்ட் அந்த ரேஞ்சுல ஓடுறதும் இதுக்குத்தான், அதே பவர பத்து மடங்கு வோல்ட்டேஜ்ல அனுப்புனா கரண்ட் பத்துல ஒண்ணு, ஒயர்ல போற நஷ்டம் நூறுல ஒண்ணு. சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறுதுன்னு ஜூல்ங்கிற விஞ்ஞானி அளந்து வெளியிட்டது 1841ல.

ஆறுன பல்பும் எரியுற பல்பும்

60 வாட்ஸ், 230 வோல்ட் குண்டு பல்ப் ஒண்ணு எடுத்து, ஹோல்டர்லருந்து கழட்டி, மீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. 60, 70 ஓம்ஸ் பக்கம் காட்டும். 65னு வச்சு கணக்கு போட்டா 230 × 230 ÷ 65, 814 வாட்ஸ். 60 வாட்ஸ் பல்புக்கு 814! கணக்கும் சரி, மீட்டரும் சரி, பல்பும் சரி. அளந்த நேரம்தான் தப்பு. எரியும்போது உள்ள இருக்குற டங்ஸ்டன் கம்பி 2000 டிகிரிய தாண்டி சூடாகுது, அதோட ஓம்ஸ் பத்து மடங்குக்கு மேல ஏறிடும். எரியும்போது எவ்ளோன்னா 60 ÷ 230 = 0.26 ஆம்ப்ஸ், 230 ÷ 0.26, 880 ஓம்ஸ் பக்கம். சுவிட்ச் போட்ட அந்த கணம் மட்டும் பழைய 65 ஓம்ஸ்தான் இருக்கும், ஒரு கண் சிமிட்டுற நேரத்துக்கு பல மடங்கு கரண்ட் பாயும், குண்டு பல்ப் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டுனு போறது அதனாலதான்.

ஹீட்டர் காயில்ல இந்த பிரச்சனை கம்மி, நைக்ரோம் கம்பி சூடானாலும் ஓம்ஸ் சில சதவீதம்தான் ஏறும், அதனால ஆஃப் பண்ணி ஆறவிட்டு மீட்டர்ல பாத்தாலே கிட்டத்தட்ட சரியான விடை வரும். செம்பு ரெண்டுக்கும் நடுவுல, ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். இத தலைகீழா உபயோகப்படுத்துறவங்க இருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வித்தை இது. ஒரு மோட்டாரோட வைண்டிங் (உள்ள இருக்குற செம்பு சுருள்) ஆறி இருக்கும்போது, 20 டிகிரில, 10.0 ஓம்ஸ் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆஃப் பண்ண கையோட அளந்தா 12.5 ஓம்ஸ். 25 சதவீதம் ஏறியிருக்கு, 25 ÷ 0.39 = 64 டிகிரி. அப்போ வைண்டிங் உள்ள 84 டிகிரி. தெர்மாமீட்டர் நுழையாத இடத்தோட சூட்ட மீட்டர வச்சே சொல்லிடலாம், வெளிய பாடிய தொட்டு பாத்தா இது தெரியவே தெரியாது.

மீட்டர்ல ஓம்ஸ் பாக்கும்போது பவர் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், கெபாசிட்டர் இருந்தா டிஸ்சார்ஜ் ஆகணும், ஒரு காலையாவது சர்க்யூட்லருந்து கழட்டணும், இல்லன்னா பக்கத்துல இருக்குறதையும் சேத்து அளந்துடும்.

பேட்டரியும் கேபிளும்

லோடு இல்லாம 12.6 வோல்ட் காட்டுற பேட்டரி, 5 ஆம்ப்ஸ் இழுத்தா 12.1 காட்டுது. லோடுக்கு போற பவர் 12.1 × 5 = 60.5 வாட்ஸ். பழைய 12.6அ எடுத்து பெருக்குனா 63 வரும். அந்த 2.5 வாட்ஸ் எங்க போச்சு? பேட்டரிக்குள்ளயே. விழுந்தது 0.5 வோல்ட், போனது 5 ஆம்ப்ஸ், 0.5 ÷ 5 = 0.1 ஓம், இதுதான் பேட்டரியோட உள் தடை, 0.5 × 5 = 2.5 வாட்ஸ் உள்ளயே சூடா போயிடுது. பேட்டரி பழசாக பழசாக இந்த 0.1 ஏறிக்கிட்டே போகும். சும்மா மீட்டர் வச்சா 12.6 காட்டுற பேட்டரி, வண்டி ஸ்டார்ட் பண்ணா படுத்துடும்ல, இந்த கணக்க ரெண்டு ரீடிங் வச்சு போட்டா வாங்குன புதுசுலயும் இப்பவும் எவ்ளோ வித்தியாசம்னு நம்பராவே கிடைச்சுடும்.

இந்த தலைவலி இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. ஓம்ஸ்ங்கிற அளவுக்கு பேர் குடுத்த விஞ்ஞானி ஓம், வோல்ட் ÷ ஆம்ப்ஸ் = ஓம்ஸ்ங்கிற விதிய கண்டுபிடிக்க உக்காந்தப்ப அவருக்கு கிடைச்ச பேட்டரிங்க லோடு போட்டா வோல்ட்டேஜ் நிக்காம இறங்கிக்கிட்டே இருந்துச்சு, ரீடிங் எதுவும் ஒத்துப்போகல. கடைசில பேட்டரிய விட்டுட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேத்த தெர்மோகப்பிள் (ரெண்டு முனைக்கும் சூடு வித்தியாசம் இருந்தா வோல்ட்டேஜ் குடுக்குறது) ஒண்ண எடுத்து, ஒரு முனைய கொதிக்கிற தண்ணியிலயும் இன்னொரு முனைய ஐஸ்லயும் வச்சாரு. வர்றது துளியூண்டு வோல்ட்டேஜ், ஆனா நிலையா நின்னுது. அதுல எடுத்த ரீடிங் வச்சுத்தான் விதி கிடைச்சுது, புத்தகமா வந்தது 1827ல.

சார்ஜர் கேபிளுக்கும் இதே முறைதான். சார்ஜர் முனைல 5.1 வோல்ட், போன் முனைல 4.6, கரண்ட் 2 ஆம்ப்ஸ். கேபிள்ல விழுறது 0.5 வோல்ட், 0.25 ஓம், 1 வாட் நஷ்டம். சார்ஜர் குடுக்குறது 10.2, போன் வாங்குறது 9.2. போன் மெதுவா சார்ஜ் ஆகுதுன்னா சார்ஜர மாத்துறதுக்கு முன்னாடி குட்டையான, தடிமனான கேபிள் ஒண்ண போட்டு பாருங்க.

ஏசில கொஞ்சம் நிதானம்

ஹீட்டர், குண்டு பல்ப், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூட்டு சமாச்சாரத்துக்கு ஏசிலயும் (திசை மாறி மாறி ஓடுற வீட்டு கரண்ட்) இதே கணக்கு அப்படியே வேலை செய்யும். மீட்டர் காட்டுற 230ங்கிறது ஆர்எம்எஸ் அளவு, அதாவது அதே சூட்ட குடுக்குற டிசி வோல்ட்டேஜுக்கு சமம், உச்சம் 325 வரைக்கும் போகும், ஆனா வாட்ஸ் கணக்குக்கு 230தான் எடுக்கணும்.

மோட்டார், எல்இடி பல்ப், கம்ப்யூட்டர் சப்ளைன்னு வந்தா வோல்ட் × ஆம்ப்ஸ் போட்டா வர்றது வாட்ஸ் இல்ல, விஏ (வோல்ட் ஆம்ப்ஸ்). 9 வாட்ஸ்னு போட்ட எல்இடி பல்ப் 0.075 ஆம்ப்ஸ் எடுக்குதுன்னா பெருக்குனா 17 வருது, ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம் கிடையாது. பவர் ஃபேக்டர், அதாவது விஏல எவ்ளோ பங்கு உண்மையான வாட்ஸ்ங்கிறது, 0.52, அதையும் சேத்து பெருக்குனா 9 வந்துடும். கரண்ட் வோல்ட்டேஜோட சேந்து ஏறி இறங்காம துண்டு துண்டா போறதால வர்ற வித்தியாசம் அது. இங்கயும் ஒரே நேரம்ங்கிற விஷயம்தான், வாட் மீட்டர் ஒவ்வொரு கணத்துலயும் வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி அப்புறம் சராசரி எடுக்குது, நாம சராசரி மாதிரி ஒண்ண தனித்தனியா எடுத்துட்டு அப்புறம் பெருக்குறோம். இந்த மாதிரி கரண்ட் அளக்க மீட்டர்ல ட்ரூ ஆர்எம்எஸ்னு எழுதியிருக்கணும், இல்லன்னா ஆம்ப்ஸ் ரீடிங்கே தப்பா வரும்.

மோட்டார் வைண்டிங்க மீட்டர்ல அளந்து, 230 × 230 ÷ ஓம்ஸ்னு வாட்ஸ் கண்டுபிடிக்கிற வேலையும் வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மரோட ப்ரைமரி (சப்ளைல மாட்டுற சுருள்) 20 ஓம்ஸ் காட்டும், கணக்கு 2645 வாட்ஸ்னு சொல்லும், உண்மைல லோடு இல்லாம அது சில வாட்ஸ்தான் எடுத்துக்கிட்டு இருக்கும், ஏசிக்கு அந்த சுருளோட எதிர்ப்பு வேற.

ரொம்ப சின்ன ஓம்ஸ் அளக்கணும்னா

சுவிட்ச் காண்டாக்ட், ஃபியூஸ் ஹோல்டர், பேட்டரி டெர்மினல் இதெல்லாம் மல்டிமீட்டர் ஓம்ஸ் ரேஞ்சுல பாத்தா பிரயோஜனம் இல்ல. ப்ரோப் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முட்டுனாலே 0.2, 0.3 ஓம்ஸ்னு காட்டும், அதுக்குள்ள 0.04 ஓம தேடுனா எங்க கிடைக்கும். இந்த இடத்துலதான் வோல்ட் ÷ ஆம்ப்ஸ் மீட்டரையே தோக்கடிக்கும். கரண்ட் லிமிட் வைக்கிற பெஞ்ச் சப்ளைல 1 ஆம்ப் செட் பண்ணி சுவிட்ச் வழியா விடுங்க, சுவிட்ச் ஆன்ல, கரண்ட் லைன்லருந்து சுத்தமா கழட்டி வச்சது. அப்புறம் தனி ப்ரோப் ரெண்ட சுவிட்சோட டெர்மினல் உலோகத்து மேலயே வச்சு மில்லி வோல்ட் பாருங்க, கரண்ட் கொண்டுவர்ற க்ளிப் மேல வைக்கக் கூடாது, வச்சா க்ளிப்போட தடையும் உள்ள வந்துடும். மில்லி வோல்ட் அளக்குற ப்ரோப்ல கரண்ட் கிட்டத்தட்ட போகவே போகாது, அதனால அதோட ஒயர் தடை கணக்குல சேராது. நாலு ஒயர் முறைங்கிறது இதுதான்.

38 மில்லி வோல்ட் வந்துச்சுன்னா 38 மில்லி ஓம்ஸ். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த சுவிட்ச்ல நம்ம 8.7 ஆம்ப்ஸ் ஹீட்டர் ஓடுனா 8.7 × 8.7 × 0.038, கிட்டத்தட்ட 2.9 வாட்ஸ், ஒரு மிளகு அளவு காண்டாக்ட் மேல. முன்னாடி 147 மில்லி வாட்ஸுக்கே ரெசிஸ்டர் சூடானத பாத்தோம்ல. பக்கத்துல அதே மாதிரி புது சுவிட்ச் ஒண்ண வச்சு அளந்து பாருங்க, அது 5 மில்லி ஓம்ஸ் காட்டி பழசு 38 காட்டுனா பழச கழட்டிடுங்க, ஸ்க்ரூவ மட்டும் இறுக்கிட்டு திருப்பி மாட்டுறதா இருந்தா இன்னொரு தடவை 1 ஆம்ப் விட்டு அளந்துட்டு மாட்டுங்க.